துப்பாக்கிக் கட்டையில் திருகாணி இறுகிவிட்டதா? மரம் பிளக்காமல் கழற்றும் வழி

ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம் எங்கள் பட்டறையில் எப்போதும் கூட்டம்தான். ஆண்டு முழுவதும் பீரோவுக்குள் கிடந்த துப்பாக்கியைப் பூஜைக்காக வெளியே எடுத்துத் துடைக்கும்போதுதான் வீட்டுக்காரருக்கு அதைக் கழற்றிச் சுத்தம் செய்யும் ஆசை வரும். சில ஆண்டுகளுக்கு முன் எஸ்டேட் பெரியவர் ஒருவர் ஆங்கிலேயர் காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். "தம்பி, இந்த ஒரே ஒரு திருகாணிதான் வரமாட்டேன் என்கிறது. மற்றதையெல்லாம் நானே கழற்றிவிட்டேன்" என்றார். எங்கள் தொழிலில் வயிற்றைக் கலக்கும் வாக்கியம் இது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். திருகாணித் தலையின் வெட்டு முழுக்கச் சந்தனம், மேலே குங்குமம், அதற்கும் மேலே தேங்காய் எண்ணெய். பல ஆண்டுப் பூஜைகள் சேர்ந்து சுண்ணாம்புக் காரை போல இறுகியிருந்தன. திருப்புளியின் அலகு வெட்டின் அடிவரை இறங்கவே இல்லை. ஊசியால் சுரண்டி எடுத்ததும் திருகாணி இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் பெரியவரின் திருப்புளி வழுக்கி, பிடியின் கழுத்தில் இரண்டு அங்குலக் கீறல் விழுந்திருந்தது. அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

இந்த வேலையில் நான் மாற்றிக்கொள்ளாத கணக்கு ஒன்று உண்டு. கடைசல்காரரிடம் அளவு கொடுத்தால் புதுத் திருகாணி சாயங்காலத்துக்குள் கிடைத்துவிடும். நூறாண்டு எண்ணெய் குடித்து நிறமேறிய வால்நட் கட்டையை யாராலும் செய்துதர முடியாது. இரண்டில் ஒன்றுதான் பிழைக்கும் என்றால் திருகாணியைப் பலி கொடுங்கள். கீழே சொல்லும் வரிசை முழுவதும் இந்தக் கணக்கின்படிதான்: செலவில்லாதது முதலில், திருகாணியை அழிப்பது கடைசியில்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி பழுதுபார்ப்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். இங்கே எழுதுவது உரிமத்தோடு வைத்திருக்கும் தம் சொந்தத் துப்பாக்கியைத் துடைத்துப் பராமரிப்பவருக்கும், காட்சிக்கு வைத்த பழைய துப்பாக்கிகளைக் கவனித்துக்கொள்பவருக்கும். தாத்தாவின் பரணில் உரிமமில்லாமல் ஒன்று கிடைத்தால் திருப்புளியைத் தேடாதீர்கள். காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

தொடுவதற்கு முன்: உள்ளே மருந்து இருக்கிறதா?

தோட்டாத் துப்பாக்கி என்றால் திறந்து கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கியில் அப்படிப் பார்க்க வழியில்லை. மெல்லிய மரக்கோல் ஒன்றைக் குழலுக்குள் முட்டும்வரை விட்டு, வாய் விளிம்பில் பென்சிலால் குறி போடுங்கள். கோலை வெளியே எடுத்து, குறியை வாய் விளிம்போடு பொருத்திக் குழலின் மேல் நீட்டி வையுங்கள். அதன் நுனி, கேப்பு (அடித்தால் பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மாட்டும் காம்பு இருக்கும் இடத்தை எட்ட வேண்டும். இரண்டு மூன்று அங்குலம் குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது குளவிக்கூடாக இருக்கலாம், பழைய துணியாக இருக்கலாம், யாரோ கெட்டித்துவிட்டு மறந்த மருந்தாகவும் இருக்கலாம். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு ஆண்டுக்குப் பிறகும் வெடிக்கும். கோல் குறைந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, உரிமம் பெற்ற பட்டறைக்குத் தகவல் சொல்லுங்கள். திருகாணிக்குச் சூடு காட்டும் முறை கீழே வருகிறது. இந்தச் சோதனையைச் செய்யாதவர் அதைப் படிக்கவே வேண்டாம்.

அடுத்து, துப்பாக்கியை வெறும் மேசைமேல் வைக்காதீர்கள். ஆற்று மணலோ தவிடோ அடைத்த சிறு மூட்டைகள் இரண்டின்மேல் படுக்க வையுங்கள். திருகாணியின் நேர் கீழே மூட்டை இருக்க வேண்டும். அந்தரத்தில் நிற்கும் மரம்தான் அடி பட்டால் பிளக்கும்.

அறிகுறி 1: திருப்புளி வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது

வரும் வேலைகளில் பெரும்பாலானவை இந்த இனம்தான். இதில் திருகாணியின் மேல் குற்றமே இல்லை.

முதலில் வெட்டுக்குள் இருக்கும் அழுக்கு. தையல் ஊசியாலும், மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சாலும் அடிவரை சுத்தம் செய்யுங்கள். சந்தனம், மெழுகு, பாலிஷ், துரு எல்லாம் வெளியேற வேண்டும். கடைசியில் வெட்டின் அடியில் இரும்பு மின்ன வேண்டும்.

அடுத்தது திருப்புளியின் வடிவம். கடைத்தெருவில் விற்கும் திருப்புளியின் அலகு ஆப்பு போலச் சரிந்திருக்கும். அது வெட்டின் மேல் விளிம்பில் மட்டும் தொட்டு நிற்கும்; முறுக்கும்போது தானாக மேலே ஏறும். ஏறிய வேகத்தில் அது போய் விழும் இடம் மரம். துப்பாக்கி வேலைக்கு அலகின் இரு முகமும் இணையாக இருக்க வேண்டும். அரத்தை எடுத்துப் பழைய திருப்புளி ஒன்றை நீங்களே ராவிக்கொள்ளலாம். சாணைக்கல்லில் பிடித்தால் அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள். நீலம் பாய்ந்துவிட்டால் இரும்பின் பதம் போய்விடும். அலகின் தடிமன் வெட்டுக்குள் தட்டுத்தடுமாறாமல் இறங்கி ஆடாமல் நிற்கும் அளவு இருக்க வேண்டும். அகலம் திருகாணித் தலையின் அகலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சுற்றும்போது பக்கத்து மரத்தை வட்டமாக உழுதுவிடும். ஆங்கிலேயரின் நல்ல துப்பாக்கிகளில் வெட்டு மிகக் குறுகலாக இருக்கும். அதற்கென்று தனியாக ஒன்றைத் தேய்த்து வைத்திருக்கிறேன். ஒரு துப்பாக்கிக்கு நாலைந்து திருப்புளி தேவைப்படுவது சாதாரணம்.

மூன்றாவது, ஏற்கெனவே யாரோ வழுக்கவிட்டு விளிம்பு பிதுங்கிய வெட்டு. பிதுங்கிய உலோகத்தைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி உள்ளே தள்ளுங்கள். சுற்றிலும் மரத்தின்மேல் தடித்த ஒட்டுத்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். பிறகு மெல்லிய அரத்தால் வெட்டைச் சதுரமாக்குங்கள். என்ஜின் வால்வு தேய்க்கும் பசையை அலகின் நுனியில் துளி தடவினால் பிடிப்பு கூடும். அந்தப் பசை மெக்கானிக்குகளிடம் இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு வழுக்கினால் மூன்றாவது முயற்சி வேண்டாம். அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி 2: அலகு நன்றாகப் பிடிக்கிறது, திருகாணி இம்மியும் அசையவில்லை

பலத்தைக் காட்டும் முன் கண்ணைக் காட்டுங்கள். தலைகளின் வெட்டு எந்தத் திசையில் நிற்கிறது? நல்ல ஆங்கிலத் துப்பாக்கிகளில் வெட்டுகள் குழலுக்கு இணையாக ஒரே வரிசையில் நிற்கும்படி பொருத்தியிருப்பார்கள். எல்லாம் அப்படியே நின்றால் அநேகமாக யாரும் கை வைக்கவில்லை. காய்ந்த எண்ணெயும் துருவும்தான் எதிரி. ஒன்று மட்டும் கோணலாக நின்றால் அதை முன்பு யாரோ கழற்றியிருக்கிறார்கள். வேறு ஓட்டைக்கு உரிய திருகாணியைத் திணித்து மரையை, அதாவது திருகாணி பிடிக்கும் சுருள் வரிகளை, கெடுத்திருக்கவும் வாய்ப்புண்டு.

*பூட்டுத் திருகாணி ஒளிந்திருக்கிறதா?* ஜெர்மானிய மௌசர் 98 ரகத்தில் விசைக்காப்பைப் பிடித்திருக்கும் பெரிய திருகாணிகளின் பக்கத்தில் பொடித் திருகாணி ஒன்று இருக்கும். பெரியதன் தலை விளிம்பில் உள்ள பள்ளத்தில் பொடியன் உட்கார்ந்து அதைச் சுற்றவிடாமல் பிடிப்பான். பொடியனை முதலில் எடுக்காமல் பெரியவனோடு மல்லுக்கட்டுவது வீண். வேறு சில துப்பாக்கிகளில் தலையின் ஓரத்தில் பொட்டு உளியால் ஒரு குத்து குத்தி உலோகத்தைப் பள்ளத்துக்குள் தள்ளியிருப்பார்கள். அந்தப் பிதுக்கத்தைச் சுரண்டி எடுத்தால்தான் வழி பிறக்கும்.

*காய்ந்த எண்ணெய்.* ஆளிவிதை எண்ணெய் காய்ந்தால் வார்னிஷ். நல்லெண்ணெயும் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் பிசினாகிவிடும். துப்பாக்கிக்கு நல்லெண்ணெய் போடுகிறவர்கள் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தையல் மெஷின் எண்ணெய் மலிவாகவே கிடைக்கிறது. பிசின்தான் காரணம் என்றால் சூடு கேட்கும். ஈயம் பற்றவைக்கும் 60 வாட் மின்சாரக் கோலின் நுனியைத் திருகாணித் தலையில் ஒரு நிமிடம் வைத்து எடுங்கள், ஆறவிடுங்கள், மறுபடி வையுங்கள். மண்ணெண்ணெய் தடவியிருந்தால் அதை முழுவதும் துடைத்துவிட்டு, காய்ந்த பிறகே சூடு. மரம் வாசனை காட்டினால் உடனே எடுத்துவிடுங்கள். நெருப்புச் சுடர் காட்டும் விளக்கு இந்த வேலைக்குக் கூடவே கூடாது. அது பாலிஷைக் கருக்கும். உள்ளே இருக்கும் வில்லின் பதத்தையும் எடுத்துவிடும்.

*துரு.* துரு இளக்கும் எண்ணெய் விடலாம். ஆனால் எங்கே விடுவது என்பதில்தான் கட்டையின் ஆயுள் இருக்கிறது. மேலிருந்து தலையில் பீய்ச்சினால் எண்ணெய் மரைக்குப் போகும் முன் மரம் குடித்துவிடும். இந்த எண்ணெயைக் குடித்த வால்நட் கறுத்து, நாளடைவில் ஊறிய ரொட்டி போல் ஆகிவிடும். குதிரையை (விசையை இழுத்தால் விழுந்து அடிக்கும் சுத்தியை) சுற்றிலும் கரிய, மெத்தென்ற மரம் இருக்கும் துப்பாக்கிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாம் அக்கறையான சொந்தக்காரர்களின் கைவண்ணம்.

மரை எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். 1853 மாதிரி என்பீல்டை எடுத்துக்கொள்வோம். 1857-இல் தோட்டா உறையில் தடவிய கொழுப்பால் கலகத்துக்குக் காரணமான அதே ரகம். அதில் இரண்டு நீளத் திருகாணிகள் இடப்பக்கத்திலிருந்து மரத்தை ஊடுருவிப் போய், வலப்பக்கத்தில் குதிரை இருக்கும் பூட்டுத் தகட்டின் மரையில் முடிகின்றன. தகட்டின் வெளிமுகத்தில் உற்றுப் பார்த்தால் திருகாணியின் நுனி சிறு வட்டமாகத் தெரியும். துப்பாக்கியை இடப்பக்கம் கீழே வரும்படி படுக்க வைத்து, ஊசி நுனியில் ஒரு துளி எண்ணெயை அந்த வட்டத்தின் விளிம்பில் வையுங்கள். துளி மரைக்குள் மட்டும் இறங்கும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என மூன்று நாள். கசிந்ததைப் பஞ்சால் ஒற்றுங்கள். அசிட்டோன் கலந்த கலவைகளைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். இரும்பு மட்டும் உள்ள இடத்தில் அவை நல்லவையே. மரத்தின் பக்கத்தில் பாலிஷைக் கரைத்து வழித்துவிடும்.

எண்ணெய் இறங்கிய பிறகு அலகை வெட்டில் நிறுத்தி, கைப்பிடியின் தலையில் சிறு சுத்தியலால் பத்து இருபது தட்டுகள். ஆணி அடிப்பதுபோல் வேண்டாம், கதவைத் தட்டுவதுபோல். அந்த அதிர்வில் துரு நொறுங்கும். பிறகு முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை திருப்பிப் பாருங்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி, "வராதவனைக் கொஞ்சம் உள்ளே போகச் சொல், பிறகு தானாக வெளியே வருவான்" என்பார். உள்ளே மயிரிழை அசைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதற்கும் மசியாதவற்றுக்கு நாங்கள் செய்வது: நின்ற நிலையில் துளையிடும் மெஷினின் வாயில் டிரில் பிட்டுக்குப் பதில் திருப்புளி அலகைப் பிடித்துக்கொள்வோம். மின்சாரப் பிளக்கைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வோம். துப்பாக்கியை மூட்டைமேல் நேராக நிறுத்தி, கைப்பிடியால் அலகைத் திருகாணிமேல் அழுத்தி வைத்து, மெஷின் வாயைக் கையால் சுற்றுவோம். அழுத்தம் நேர் கீழே விழுவதால் அலகுக்கு வழுக்க இடமில்லை. வீட்டில் தச்சரின் கைத்துளைப்பான் இருந்தால் அதன் வளைந்த கைப்பிடியும் ஓரளவு இதே வேலையைச் செய்யும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் தானே சுழலும் திருப்புளி மோட்டார் பைக்குக்கு உரியது. மரக்கட்டையின் பக்கம் கொண்டுவராதீர்கள்.

மூன்று நாள் எண்ணெய், மூன்று முறை சூடு, ஒரு முறை மெஷின். அதற்கும் வரவில்லையென்றால் ஆள் தேடுங்கள். தலையில் வேலைப்பாடு செதுக்கியிருந்தால் மெஷின் வரைக்கும்கூடப் போக வேண்டாம்.

அறிகுறி 3: சுற்றிக்கொண்டே இருக்கிறது, மேலே வரவில்லை

பின்கட்டையின் அடித்தகட்டில், அதாவது தோளில் பதியும் முனையை மூடிய தகட்டில், அடிக்கடி இப்படி ஆகும். அங்கே இருப்பது மரத்தில் முறுக்கும் திருகாணி. பித்தளைத் தகடு, இரும்புத் திருகாணி, இரண்டுக்கும் நடுவில் மழைக்கால ஈரம் என்றால் இரும்புதான் அரிக்கப்படும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதனால் சுற்றியுள்ள மரம் நசுங்கி மாவாகிவிடும். தலைக்குக் கீழே மெல்லிய தகடு அல்லது பழைய கத்தி முனையைச் செருகி மிக மென்மையாக மேலே தூக்கிக்கொண்டே சுற்றுங்கள். நெம்பும் கத்தி பித்தளைமேல் நிற்க வேண்டும், மரத்தின் விளிம்பில் அல்ல. வந்த பிறகு ஓட்டையில் அதே இன மரத்தின் சிம்பைப் பசை தொட்டுச் செருகிவிட்டுப் புதிதாகத் துளையிடலாம். தீக்குச்சி திணிப்பவர்களை நான் திட்டுவதில்லை. சில காலம் தாங்கும்.

இரும்பு மரை உள்ள இடத்தில் இப்படிச் சுற்றினால் உள்ளே திருகாணி முறிந்திருக்கும் அல்லது மரை வழுக்கியிருக்கும். அறிகுறி 6-ஐப் பாருங்கள்.

அறிகுறி 4: சுற்றும்போது மரம் முனகுகிறது

கையை எடுங்கள். இப்போதே.

லீ என்பீல்டு .303 துப்பாக்கிக்குத் தனி எச்சரிக்கை. உத்தரப் பிரதேச காவல்துறை இதற்கு விடை கொடுத்ததே 2020 குடியரசு நாளில்தான். நான் கை வைத்தவை பெரும்பாலும் காட்சிப் பெட்டியில் நிற்பவை. இதன் பின்கட்டையை உள்ளே ஒரு நீளப் போல்ட் பிடித்திருக்கிறது. அடித்தகட்டின் சிறு கதவைத் திறந்து, நீளத் திருப்புளி விட்டு அதைச் சுற்ற வேண்டும். பழைய மூன்றாம் மார்க் ரகத்தில் அந்தப் போல்ட்டின் முன் நுனி சதுரமாக இருக்கும். அது குழலுக்குக் கீழே இருக்கும் முன்கட்டையின் பின்னால் பதித்த தகட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் போல்ட்டைச் சுற்றினால் அந்தச் சதுரமே நெம்புகோலாகி முன்கட்டையின் பின் முனையைப் பிளந்துவிடும். முதலில் முன்கட்டை, அதன் பிறகுதான் போல்ட். வாங்கிய நாளே இந்த வரிசை தெரியாமல் பிளந்துவிட்டு அழுதவர்கள் உலகம் முழுக்க உண்டு.

அதே போல்ட்டில் திருப்புளி பிடிக்கவில்லை, ஏதோ ரப்பரைக் குத்துவதுபோல் இருக்கிறது என்றால் அங்கே தோல் அடைப்பு ஒன்று இருக்கும். காய்ந்து விறகாகிப் போயிருக்கும். நீளக் கொக்கியால் அதை இழுத்து எடுத்துவிட்டுப் பாருங்கள்.

மற்ற துப்பாக்கிகளில் முனகல் கேட்டால் இரண்டு காரணம்: வேறு ஒரு திருகாணி இன்னும் பிடித்திருக்கிறது, அல்லது திருகாணியின் தண்டு மரத்தோடு துருவால் ஒட்டிக்கொண்டு மரத்தையும் சேர்த்துத் திருப்புகிறது. முதலாவதை நீங்களே தேடலாம். இரண்டாவதில் மயிரிழை வெடிப்பு கண்ணில் பட்டுவிட்டால் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். வெடிப்புக்குள் எண்ணெய் இறங்குவதற்கு முன் கொண்டுவந்தால் பசை பிடிக்கும். எண்ணெய் குடித்த வெடிப்பில் எந்தப் பசையும் நிற்காது.

அறிகுறி 5: திருகாணி வந்துவிட்டது, பூட்டுத் தகடு வரவில்லை

நான் முதன்முதலில் மரத்தைக் கெடுத்தது இங்கேதான். தகட்டின் விளிம்பில் திருப்புளியைச் செருகி நெம்பினேன். நெல்மணி அளவு சிம்பு தெறித்து மரத்தூளுக்குள் விழுந்தது. மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சிம்பைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை எனக்குச் சாப்பாடு இல்லை, அவ்வளவுதான்.

சரியான முறை இது. குதிரையைப் பாதி நிலைக்கு இழுத்து வையுங்கள். பக்கத் திருகாணிகள் இரண்டையும் முழுவதும் எடுக்காமல் மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்துங்கள். திருகாணித் தலைகளின்மேல் திருப்புளிப் பிடியால் மாறி மாறி மெல்லத் தட்டுங்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. தகடு நேராக எழும்பி வரும். முழுவதும் எடுத்துவிட்டவர் அவற்றைத் திரும்பப் போட்டுத் தட்டுங்கள். நெம்ப மட்டும் வேண்டாம்.

அறிகுறி 6: தலை உடைந்துவிட்டது

இனி திருகாணி பலிதான். உடைந்த முகத்தின் நட்டநடுவில் பொட்டு உளியால் குறியிட்டு, இடப்பக்கம் சுழலும் டிரில் பிட்டால் மெதுவாகத் துளையிடுங்கள். துளை இறங்கும்போதே பல தடவை உள்ளே இருக்கும் துண்டு பிட்டோடு சுழன்று வெளியே வந்துவிடும். தலை முழுதாக இருந்து, வெட்டு மட்டும் சிதைந்திருந்தால், தண்டின் தடிமன் அளவு பிட்டால் தலையை மட்டும் குடைந்து எடுங்கள். மேலே இருக்கும் தகடு விடுபடும். நீட்டிக்கொண்டு நிற்கும் தண்டைப் பிடிகுறட்டால் பிடித்துச் சுற்றலாம்.

மரத்துக்குள் முறிந்த மரத்திருகாணிக்கு வேறு வழி. அதன் தடிமனைவிடச் சற்றே பெரிய இரும்புக் குழாயின் வாயில் அரத்தால் பற்கள் வெட்டி, அதைத் துண்டைச் சுற்றி இறக்கினால் துண்டு மரத்தோடு சேர்ந்து வந்துவிடும். அந்த ஓட்டையை அதே மர முளையால் அடைக்கலாம். ஆனால் துண்டு யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் உள்ளே கிடக்கிறது என்றால் கிடந்துவிட்டுப் போகட்டும்.

பிடியின் கழுத்தில் துளையிடும் வேலை மட்டும் வீட்டில் வேண்டாம். கட்டையிலேயே மரம் மெலிந்த இடம் அது. பிட் ஒரு முறை கோணினால் கட்டை போய்விடும். குழலோடு நேரடியாகச் சேரும் எந்த மரையிலும் துளையிடாதீர்கள். அது மரத்தின் பிரச்சினை அல்ல. சுடுகிறவரின் கண்ணும் கையும் சம்பந்தப்பட்டது.

கழற்றிய பிறகு

ஓட்டையைச் சுற்றிக் கருநீலக் கறை இருந்தால் வால்நட்டில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் கலந்த வேலை. ஆக்சாலிக் அமிலக் கரைசலைப் பஞ்சால் ஒற்றினால் மங்கும். அது விஷம், கையுறை போடுங்கள், பிறகு நல்ல தண்ணீரால் துடையுங்கள். நசுங்கல் என்றால் ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியின் முனையைத் தொட்டு எடுங்கள்; இழை அறுபடாத நசுங்கல் ஆவியில் எழும்பிவிடும்.

பழைய அட்டை ஒன்றில் துப்பாக்கியின் உருவத்தை வரைந்து, எடுத்த திருகாணிகளை அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு திருகாணிகள் அரை மரை நீளத்தில் வேறுபடும். திரும்பப் போடும்போது மரையில் மட்டும் துளி கிரீஸ், மரத்தைத் தொடும் தண்டில் தேன்மெழுகு. வெட்டு பழைய திசைக்கு வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டைக் குழலின்மேல் வையுங்கள், திருகாணித் தலையில் வேண்டாம்.